லென்ஸ் இன்னும் முடிவாகவில்லை

எங்கள் வீட்டில் போன் அடித்தால் எடுப்பது நான், பேசுவது அவள். மகன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. "அப்பா, சாப்டீகளா?" என்பான். "சாப்ட்டேன்யா" என்பேன். "அம்மாட்ட குடுங்க" என்பான். கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன். அவள் அடுப்படிக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே பேசுவாள். அங்கே குளிர் எப்படி, என்ன குழம்பு வைத்தான், முடி வெட்டினானா இல்லையா, எல்லாச் செய்தியும் அவள் மூலமாகத்தான் எனக்கு வரும். என் செய்தியும் அப்படித்தான் போகும். "அப்பாவுக்கு முட்டி வலி, சொல்ல மாட்டாக" என்று என் காதில் விழும்படியே சொல்லுவாள். அப்பனும் பிள்ளையும் நேராகப் பேசிக்கொள்ளாததை எங்கள் பக்கத்தில் யாரும் குறையாக நினைப்பதில்லை. எனக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் என் அம்மா இருந்தாள்.

போன வருஷம் என் மனைவி இறந்துபோனாள். காரியமெல்லாம் முடிந்து, மகன் விமானம் ஏறிப் போய்ச் சேர்ந்த பிறகு போன் செய்தான். "சாப்டீகளா?" என்றான். "சாப்ட்டேன்யா" என்றேன். உடனே பழக்கதோஷத்தில் போனைக் காதிலிருந்து எடுத்து அடுப்படிப் பக்கம் நீட்டிவிட்டேன். அங்கே விளக்குகூடப் போடவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது அவன் "அப்பா... அப்பா..." என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். இனி இந்த வீட்டில் நான் ஒற்றை ஆள் என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, முட்டி எப்படி இருக்கிறது. நான் பதிலுக்கு, சாப்பிட்டாயா, குளிர் உண்டா. அவ்வளவுதான் சரக்கு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சு விடுவோம். "சரிப்பா, வைக்கட்டுமா?" என்பான். காலையிலிருந்து நான் காத்துக்கிடந்த போன், போட்டு வைத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். மிச்ச ஞாயிற்றுக்கிழமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நான் ஒக்கூர் பக்கத்து விவசாயக் குடும்பம். புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் நெல் பார்த்து வாங்குகிற வேலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன். லாரி வந்து நிற்கும். மூட்டையைக் குத்தி நெல்லை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அவசரப்பட்டால் முதலாளிக்கு நஷ்டம். அதனால் எதையும் லேசில் வாங்காதவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. ஒரு கத்தரிக்காய் வாங்க நான் கடைத்தெருவை இரண்டு சுற்று வருவேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். கேமராவுக்கும் எனக்கும் ஸ்நானப் பிராப்திகூடக் கிடையாது.

கேமராப் பேச்சு வந்தது இப்படித்தான். காரைக்குடியில் நாங்கள் குடியிருக்கும் தெருவைத் தாண்டினால் பெரிய வீடுகள் இருக்கின்றன. அவற்றைப் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருவார்கள். ஒரு நாள் பால் வாங்கப் போனேன். ஓர் ஆள் நடுரோட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு ஒரு வீட்டின் முகப்பைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். முருங்கைக்காய் லோடு ஏற்றிய வண்டிக்காரர் ஹாரன் அடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை போனில் மழை, குளிர், முட்டி மூன்றும் தீர்ந்துபோய் "வைக்கட்டுமா" என்கிற கட்டம் வந்தது. அதைத் தள்ளிப்போட இந்தக் கதையைச் சொன்னேன். அதுவும் சட்டென்று தீர்ந்துவிட்டது. அப்போதுதான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "நானும் அது மாதிரி ஒரு கேமரா வாங்கலாமான்னு பாக்குறேன்யா."

"என்னது? நீங்களா?" என்றான். அவன் குரல் அப்படி நிமிர்ந்து நான் கேட்டதே இல்லை. "டிஎஸ்எல்ஆரா? எதுக்குப்பா? என்ன எடுக்கப் போறீக?"

எனக்கு அந்த நாலு எழுத்தின் அர்த்தம் தெரியாது. "ஆமா, அதுதான்" என்றேன்.

அன்றைக்கு அவன் பேசினான் பாருங்கள். கேமராவுக்குள்ளே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறதாம். லென்ஸ் வழியாக வருகிற வெளிச்சம் அதில் பட்டு நம் கண்ணுக்கு வருகிறதாம். பொத்தானை அமுக்கினால் கண்ணாடி மேலே எழும்பி வழிவிடுகிறதாம். டக்கென்று வரும் சத்தத்தில் பாதி அந்தக் கண்ணாடியுடையதாம். கேமராவும் லென்ஸும் தனித்தனிச் சாமான். லென்ஸ் இல்லாத வெறும் கேமராவை 'பாடி' என்பார்கள். இரண்டும் சேர்ந்த பெட்டி 'கிட்' என்று வரும். "பாடி ஒரு தடவை வாங்குறதுதாம்ப்பா. லென்ஸ் பேச்சு இருக்கே, அதுக்கு முடிவே கிடையாது" என்று சிரித்தான். எனக்குப் பாதி புரியவில்லை. காபி ஆறி ஆடை கட்டிக் கிடந்தது. என் மகனுக்கு இவ்வளவு பேச வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. மாலை நாலரைக்குப் போன் அடித்தது. அங்கே அவனுக்கு மதியச் சாப்பாட்டு நேரம். "நேத்து ஒண்ணு சொல்ல விட்டுட்டேம்ப்பா" என்று ஆரம்பித்தான். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்புறம் நாலரை மணி என்றால் போன் என்று ஆகிவிட்டது. ஆனால் சும்மா "ம்" கொட்டினால் பேச்சு நின்றுவிடும். கேள்வி வேண்டும். கேள்விக்காக நான் அலைய ஆரம்பித்தேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஸ்டுடியோ உண்டு. என் மனைவியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொடுத்தவர்தான் அதை நடத்துகிறார். பழைய கேமராக்களும் விற்பார். அவரிடம் போய் உட்காருவேன். அவர் ஒரு கேமராவை எடுத்துக் கையில் கொடுத்தார். கனமாக இருந்தது. துளையில் கண்ணை வைத்தேன். எதிர்க்கடை வாழைத்தார் பக்கத்தில் வந்து நின்றது. பொத்தானை அமுக்கினேன். மகன் சொன்ன அதே சத்தம். மனசுக்குள் ஏதோ ஆசை எட்டிப் பார்த்தது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனாலும் திருப்பிக் கொடுத்து, "மகன்ட்ட கேட்டுட்டு வாறேன்" என்றேன்.

"டிஎஸ்எல்ஆரு பழசாயிருச்சுண்ணே, இப்ப எல்லாரும் மிரர்லெஸ்ஸுக்குப் போயிட்டாக" என்று அவர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எனக்கு வாயெல்லாம் பல். இது ஒன்றே போதும், மகனோடு ஒரு வாரத்துக்குப் பேச. அப்படியே ஆயிற்று. கண்ணாடி இருப்பது நல்லதா இல்லாதது நல்லதா என்று நாங்கள் இருவரும் வழக்கு நடத்தினோம். புதுசு எல்லாம் மின்திரையில் காட்டுகிறது, கண்ணாடி வைத்ததில்தான் உள்ளதை உள்ளபடி கண் பார்க்கிறது என்று நான் வாதாடினேன். அவன் சொன்னதையே அவனிடம் திருப்பிச் சொன்னேன். அதை அவன் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தும் விட்டுவிட்டான்.

ஒரு நாள் லென்ஸின் ஓட்டையைப் பற்றிச் சொன்னான். எண் சின்னதாக இருந்தால் ஓட்டை பெரிசு, எண் பெரிதானால் ஓட்டை சின்னது. "இதுதாம்ப்பா எல்லாருக்கும் குழம்பும். எனக்கே முதல்ல புரியல" என்றான். "இதுல குழப்பம் என்னய்யா? மில்லுல கம்பிச் சல்லடை அப்படித்தான். அங்குலத்துக்கு எத்தனை கண்ணுன்னு எண் சொல்லுவோம். எண்ணு கூடக்கூட ஓட்டை சிறுத்துரும்" என்றேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அப்பா, நீங்க மில்லுல என்னதாம்ப்பா பண்ணுனீக? ஒரு நாளும் சொன்னதில்லையே" என்றான். கேட்டால்தானே சொல்ல முடியும். அன்றைக்கு நெல்லைப் பற்றிப் பேசினோம். அவன் சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது என்று எனக்கு ஞாபகப்படுத்த மனம் வரவில்லை.

இடையில் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். சொந்தத்தில். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் அவள் பெண்கள் பக்கம் போய்விடுவாள், திரும்பி வரும்போது ஆயிரம் செய்தியோடு வருவாள். இந்த முறை நான் மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். "தனியாவா வந்தீக?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்தார்கள். கூட்டத்துக்கு நடுவில் தனியாக இருப்பது வீட்டில் தனியாக இருப்பதைவிடப் பெரிய கொடுமை. அங்கிருந்து எழுந்து போட்டோ எடுக்கிறவர் பின்னாலேயே போய் நின்றுகொண்டேன். அவர் தோளில் இரண்டு கேமரா தொங்கியது. மேடைக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று. முகத்துக்கு வைத்திருந்ததில் கட்டையாக ஒரு சின்ன லென்ஸ். ஐம்பது மில்லிமீட்டர் என்றார். "இது நகராதுண்ணே. கிட்ட வேணும்னா நம்மதான் கிட்டப் போகணும்" என்றார். பந்தியில் எனக்கு என்ன பரிமாறினார்கள் என்று நினைவில்லை. இந்தச் செய்தியைக் கொட்டாமல் பத்திரமாக நாலரை மணி வரை கொண்டுபோனேன்.

மகன் கேட்டுச் சந்தோஷப்பட்டான். அவனிடமும் அந்த ஐம்பது இருக்கிறதாம். "முகம் எடுக்க அதை அடிச்சுக்க முடியாதுப்பா. பின்னால உள்ளதெல்லாம் கரைஞ்சு போயிரும், ஆளு மட்டும் நிக்கும்." நீ எடுத்ததை அனுப்பு, பார்க்கிறேன் என்றேன். சாயந்தரம் படங்கள் வந்தன. ஈரமான பெஞ்சு. இலை உதிர்ந்த மரம். ஆற்றுப் பாலம். டிராம் வண்டியின் ஜன்னல், அதில் வழியும் தண்ணீர். ஒரு மேஜை, அதன் மேல் ஒரு தட்டு, ஒரு கரண்டி. எல்லாம் அழகாகத்தான் இருந்தன. ஒரு படத்திலும் ஆள் இல்லை. அந்த ஊரில் இப்படித்தான் எடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எவ்வளவு நாள்தான் இழுக்க முடியும்? படம் பதிகிற சென்சார் சின்னதா பெரியதா என்று முடிந்தது. பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வரை உள்ள கிட் லென்ஸ் போதுமா, தூரத்துக்கு ஒன்று வேண்டுமா என்று முடிந்தது. ஒரு நாள் அவன் தீர்மானமாகச் சொன்னான்: "இந்த மாடல்தாம்ப்பா. இதுல மறு பேச்சு இல்ல. நாளைக்கே போயி வாங்கிருங்க."

எனக்குத் திக்கென்றது. வாங்கிவிட்டால் அப்புறம்? மழை, குளிர், முட்டி. மறுநாள் கடையில் சரக்கு இல்லை என்று சொன்னேன். கடைப்பக்கமே போகவில்லை. அதற்கடுத்த நாள் கடைக்காரர் மதுரைக்குப் போயிருக்கிறார் என்றேன். அவர் தம் கடையில் உட்கார்ந்து யாருக்கோ பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொண்டிருந்திருப்பார். அப்புறம் நிறம் பிடிக்கவில்லை என்றேன். "கேமராவுல நிறமா? எல்லாமே கறுப்புதானேப்பா" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

"சரி, நீங்க அலைய வேணாம். நான் இங்கருந்தே ஆன்லைன்ல போட்டுர்றேன். வீட்டுக்கே வந்துரும்" என்றான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நல்லதுய்யா என்றேன்.

மறுநாள் நாலரைக்குப் போன் வரவில்லை. அதற்கு மறுநாள் வந்தது. "பார்சல் வந்துச்சாப்பா?" "இல்லையே." "வந்துரும். சாப்டீகளா?" "சாப்ட்டேன்." "சரிப்பா, வைக்கட்டுமா?" நான் எதற்குப் பயந்தேனோ அது அப்படியே நடந்துவிட்டது. வந்து சேராத அந்தப் பார்சல் மேல் எனக்கு அவ்வளவு கோபம். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால், வேறு வீட்டுக்காக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன். பொருள் வாங்க நேரமாக்குவது ஒரு வித்தை. வாங்கிவிட்ட பொருளை வரவிடாமல் தடுக்க எனக்கு வித்தை தெரியவில்லை.

ஒரு காலையில் வந்துவிட்டது. செல்லுக்கு வந்த எண்ணைச் சொல்லி வாங்கி, பெட்டியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். மத்தியானம் வரை பிரிக்கவில்லை. பிறகு, என்னதான் ஆனாலும் மகன் அனுப்பியது என்று பிரித்தேன். கேமரா இருந்தது. பேட்டரி, சார்ஜர், கழுத்துப் பட்டை, எல்லாம் இருந்தன. லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு மூடி இருந்தது. அட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை. துளையில் கண் வைத்துப் பார்த்தேன். கும்மிருட்டு.

ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு போனேன். அவர் பெட்டியின் பக்கவாட்டைப் படித்தார். "பாடி மட்டும்னு போட்டிருக்குண்ணே. லென்ஸ் இதுல வராது. தம்பி தெரியாம மாத்தி அமுக்கிட்டாரு. திருப்பி அனுப்பச் சொல்லுங்க" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "இவ்வளவு நாளு ஆராய்ச்சி பண்ணி, கடைசியில குருட்டுக் கேமராவா வாங்குனீக?" என்று கேலி செய்தார். நான் சிரித்துவைத்தேன். ஆனால் வீட்டுக்கு நடக்கிற வழியெல்லாம் யோசனையாக இருந்தது. கிட் என்றால் என்ன, பாடி என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். நெல்லில் பதர் எது என்று நான் தடுமாறினால்தான் அவன் இதில் தடுமாறுவான்.

நாலரை மணிக்கு நானே போன் செய்தேன். நானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் எடுத்தபோது கார்க் கதவு டப்பென்று மூடியது. டப்பாவில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. பேச்சின் சுவாரசியத்தில் நான் அதைக் காதில் வாங்கவில்லை.

"வண்டியிலயா சாப்புடுற?" என்றேன்.

"ஆமாப்பா. எப்பவும் இங்குட்டுத்தான்."

"ஆபீசுல கூட ஆளு இல்லையா?"

"இருக்காங்க. அவங்கவங்க அவங்க பாட்டுக்கு இருப்பாங்க." கொஞ்சம் நிறுத்தி, "பார்சல் வந்துருச்சாப்பா?" என்றான்.

"வந்துருச்சு. லென்ஸ் இல்லய்யா. போட மறந்துட்டியா?"

கரண்டிச் சத்தம் நின்றது. அந்தப் பக்கம் கார்க் கண்ணாடியில் மழை விழுவது கேட்டது.

"மறக்கலப்பா" என்றான். பிறகு சின்னக் குரலில், அவன் அம்மாவிடம் பேசும்போது மட்டும் வருகிற அந்தக் குரலில், "அதையும் முடிவு பண்ணிட்டா அப்புறம் நம்ம என்னப்பா பேசுவோம்?" என்றான்.

ஆளே இல்லாத அந்தப் படங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. பெஞ்சு, பாலம், ஒற்றைத் தட்டு. அந்த ஊரில் அப்படித்தான் எடுப்பார்கள் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்வது? தனியாகக் கிடப்பது நான் மட்டும் என்று அல்லவா இவ்வளவு நாளும் இருந்துவிட்டேன். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அதெல்லாம் அவள் செய்கிற வேலை. எனக்குச் சொல்லத் தெரியாது. அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தேன். போனைக் காதோடு நன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த ஐம்பது லென்ஸ் வாங்குறதா, இல்ல முப்பத்தஞ்சு வாங்குறதான்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்குய்யா" என்றேன்.

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. காருக்குள் எதையோ நகர்த்தி அவன் வசதியாக உட்காரும் சத்தமும் வந்தது.

"சொல்லுங்கப்பா" என்றான்.